குதிரைகள் போய்விட்டன, கோல்ஃப் திடல் என்ன ஆகும்? டத்தோ கிராமாட் பக்கத்துப் பச்சை நிலத்தின் கதை

ஜோர்ஜ்டவுன் மெகஸின் சந்தியிலிருந்து மேற்கே விரியும் சாலைகளில் இரண்டு, பினாங்குத் தமிழர்களுக்கு நன்கு பழக்கமானவை. ஒன்று மெக்கலிஸ்டர் சாலை. மற்றொன்று டத்தோ கிராமாட் சாலை. தைப்பூச இரதத்துக்கு வழிவிட்டு வழிவிட்டு அகன்றது போலிருக்கும் டத்தோ கிராமாட் சாலையில் சிறைச்சாலை, பழைய திடல், அங்காடிக் கடைகள், மாநகர் விளையாட்டரங்கம் என்று ஒவ்வொன்றாகக் கடந்து மேற்கே போனால், ஸ்காட்லாந்து சாலைக்கும் பத்து காந்தோங்குக்கும் இடையே திடீரென்று கட்டடங்கள் நின்று புல்வெளி தொடங்கும். அதுதான் பினாங்குக் குதிரைப் பந்தயக் கழகத்தின் நிலம். 200 ஏக்கருக்கும் மேல். பந்தய ஓடுதளம், லாயங்கள், குதிரையேற்றப் பயிற்சி இடம், அவற்றோடு 18 குழி கோல்ஃப் திடல்.

2025 மே 31-ஆம் தேதி அங்கே கடைசிப் பந்தயம் ஓடியது. பந்தயத்தை நிறுத்திக் கழகத்தைக் கலைப்பது என்று அதன் உறுப்பினர்கள் முந்தைய ஆண்டே வாக்களித்து முடிவெடுத்திருந்தார்கள். 160 ஆண்டுகளுக்கு மேல் நடந்த ஒன்று அன்று மாலையோடு நின்றது. குதிரைகளுக்கு விடை கொடுத்தாயிற்று. நிலம் அப்படியே இருக்கிறது. அந்த நிலத்தைப் பற்றித்தான் இப்போது பேச்சு.

பொதுவாகத் தமிழ்க் குடும்பங்களில் கோல்ஃப் என்றால் “நமக்கென்ன?” என்பார்கள். பந்து அடிப்பவர் யாரோ, புல் வெட்டுபவர் நம்மவர் என்பதே பல தலைமுறைகளாக நாம் கண்ட கோல்ஃப். ஆனால் பெருநகரத்தின் நடுவே கிடக்கும் இவ்வளவு பெரிய நிலம் கைமாறும்போது, பந்து அடிப்பவரைவிட அடுத்த தெருவில் குடியிருப்பவருக்கே அதன் விளைவு அதிகம்.

மெக்கலிஸ்டர் சாலையிலிருந்து பத்து காந்தோங்குக்கு

பினாங்குக் குதிரைப் பந்தயக் கழகம் 1864-ல் தொடங்கப்பட்டது. நாட்டின் மிகப் பழைய பந்தயக் கழகம் இதுதான். முதல் தலைவர், குளுகோர் தோட்டத்தை ஆண்ட பிரவுன் குடும்பத்தைச் சேர்ந்த டேவிட் பிரவுன். பழைய பந்தயத் திடல் மெக்கலிஸ்டர் சாலைப் பக்கம் இருந்தது. ஆரம்பத்தில் ஆண்டுக்கு இரண்டு முறைதான் பந்தயம். ஐரோப்பியத் தோட்ட முதலாளிகளும் வணிகர்களும் அதிகாரிகளும் சேர்ந்து நடத்திய திருவிழா அது. பிறகு சீன வணிகர்களின் குதிரைகள் வந்தன, சூதாட்டம் வளர்ந்தது, இடம் போதவில்லை. 1930களில் பத்து காந்தோங்கில் நிலம் தயாராகி, 1939-ல் பந்தயம் அங்கே மாறியது.

பிரவுன் என்ற பெயரை டத்தோ கிராமாட் வாசிகள் வேறு விதமாக அறிவார்கள். சாலையோரத்தில் இருக்கும் பாடாங் பிரவுன், அதாவது இன்றைய டத்தோ கிராமாட் திடல், அந்தக் குடும்பம் மக்களின் பொழுதுபோக்குக்கு என்று கொடுத்த நிலம். மாலையில் பந்து விளையாடும் பிள்ளைகளும், பக்கத்து அங்காடிக் கடைகளில் சாப்பிட வருகிறவர்களும் இன்றும் அதை அனுபவிக்கிறார்கள். கட்டணம் இல்லை, உறுப்பினர் அட்டை இல்லை.

அதே குடும்பத்தின் இன்னொரு நிலத்தின் கதை அவ்வளவு இனிமையாக முடியவில்லை. குளுகோரில் இருந்த கம்போங் புவா பாலாவை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். புவா பாலா என்றால் சாதிக்காய். பிரவுன் தோட்டத்தில் உழைத்தவர்களின் வழிவந்த தமிழ்க் குடும்பங்கள் மாடு வளர்த்து வாழ்ந்த கிராமம் அது. “தமிழ் ஹை சப்பரால்” என்று ஆங்கிலப் பத்திரிகைகள் செல்லப்பெயர் வைத்தன. நிலம் கைமாறியது, வழக்கு உச்சநீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் வரை போனது, 2009 செப்டம்பரில் வீடுகள் இடிக்கப்பட்டன. நிலப் பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று பினாங்குத் தமிழர்கள் அன்று கற்றார்கள். பத்து காந்தோங் விவகாரத்தைப் படிக்கும்போது இந்தப் பாடத்தை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

பந்தயத் திடலுக்கும் தமிழர்களுக்கும் இருந்த தொடர்பு, பந்தயச் சீட்டு வாங்கியதோடு நிற்கவில்லை. மலாயாவின் பந்தயத் திடல்களில் குதிரைகளைப் பராமரித்த சைஸ்கள், லாயம் கழுவியவர்கள், ஓடுதளத்துப் புல்லைப் பேணியவர்கள் என்று தமிழ்த் தொழிலாளர்கள் ஏராளம். விடியற்காலை நான்கு மணிக்குக் குதிரையை நடத்திக்கொண்டு போகிற வேலை தகப்பனிடமிருந்து மகனுக்கு வந்த குடும்பங்கள் ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் உண்டு. குதிரையின் குணம் தெரிந்த கைக்கு வேறு தொழிலில் மதிப்பு குறைவு. பந்தயம் நிற்கும்போது முதலில் நிற்பது அவர்கள் பிழைப்புதான். இந்தப் பக்கத்தைப் பற்றி அதிகம் எழுதப்படவில்லை.

ஏன் நின்றது?

பினாங்கு, ஈப்போ, கோலாலம்பூர், சிங்கப்பூர் ஆகிய நான்கு இடங்களின் கழகங்களும் மலாயாப் பந்தயச் சங்கத்தின் கீழ் ஒரே வட்டமாக இயங்கின. குதிரைகளும் ஜாக்கிகளும் பயிற்சியாளர்களும் நான்கு திடல்களுக்கும் மாறி மாறிப் போவார்கள். அந்த வட்டத்தில் பணம் அதிகம் புழங்கியது சிங்கப்பூரில். 2023 ஜூன் 5-ஆம் தேதி, கிராஞ்சியில் உள்ள தன் பந்தயத் திடல் மூடப்படும் என்று சிங்கப்பூர் அறிவித்தது. 1842-ல் தொடங்கிய அந்தக் கழகத்தின் கடைசிப் பந்தயம் 2024 அக்டோபர் 5-ல் நடந்தது. 120 ஹெக்டர் நிலம் 2027 மார்ச்சுக்குள் அரசுக்குத் திரும்ப வேண்டும், வீடுகளுக்கும் பிற தேவைகளுக்கும் பயன்படும் என்றார்கள். நான்கு கால் கட்டிலில் ஒரு கால் உடைந்தால் மற்ற மூன்றும் எவ்வளவு நேரம் தாங்கும்? ஏற்கெனவே இணையச் சூதாட்டமும் சட்டவிரோதப் பந்தயத் தரகர்களும் வருமானத்தை அரித்திருந்தார்கள். பெருந்தொற்றுக் காலம் மேலும் அடித்தது. பினாங்கின் முடிவு அடுத்து வந்தது.

ஒருமுறை விற்கப்பட்ட நிலம்

இந்த நிலத்துக்கு ஆபத்து வருவது இது முதல் தடவை அல்ல. 2002-ல் அபாட் நலூரி என்ற நிறுவனம் 488 மில்லியன் ரிங்கிட்டுக்கு இதை வாங்க ஒப்பந்தம் செய்தது. கழகம் பெருநிலத்துக்கு, பத்து காவான் பக்கம் போவதாகப் பேச்சு. 2007 செப்டம்பரில் அன்றைய பிரதமர் துன் அப்துல்லா அகமது படாவி முன்னிலையில் பினாங்கு அனைத்துலக மாநகர மையம் என்ற திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. ஏறத்தாழ 104 ஹெக்டர் நிலத்தில் 25 பில்லியன் ரிங்கிட் செலவில் உயர்மாடிக் கோபுரங்களின் காடு ஒன்று எழும் என்று படம் காட்டினார்கள்.

அப்போதுதான் பினாங்கு மக்கள் விழித்தார்கள். குடியிருப்பாளர் சங்கங்களும் அரசு சாரா இயக்கங்களும் கூடின. ஸ்காட்லாந்து சாலை ஏற்கெனவே நெரிசலில் திணறுகிறது, இத்தனை கோபுரங்களின் வாகனங்கள் எங்கே போகும் என்று கேட்டார்கள். விளையாட்டுக்கும் பொழுதுபோக்குக்கும் உரிய நிலத்தை வணிக நிலமாக்க யார் அனுமதி கொடுத்தது என்று கேட்டார்கள். 2008 மார்ச் பொதுத்தேர்தலில் மாநில ஆட்சி மாறியது. அதே ஆண்டு செப்டம்பரில் பினாங்குத் தீவு நகராண்மைக் கழகம் திட்டத்தை நிராகரித்தது. நிலம் பிழைத்தது. குதிரைகள் இன்னும் பதினாறு ஆண்டுகளுக்கு மேல் அங்கே ஓடின.

அந்த விலையைக் கணக்கிட்டுப் பார்த்தால் சதுர அடிக்கு 45 ரிங்கிட்டுக்கும் குறைவு. இன்றைய பினாங்குத் தீவில் அந்த விலைக்கு நிலம் தேடுவது வீண் வேலை. கழகம் கலையும்போது நிலத்தின் மதிப்புத்தான் உறுப்பினர்களுக்கு முன்னே நிற்கிறது என்பதை மறுக்க முடியாது. அது அவர்களுடைய சொத்து. இங்குதான் சிக்கல்.

மாநகர் மன்றத்துத் திடல் என்றால் மன்றத்தைக் கேட்கலாம். குத்தகை நிலம் என்றால் குத்தகை முடியும் நாளில் அரசு எடுத்துக்கொள்ளலாம். பத்து காந்தோங் இரண்டும் இல்லை. தனியார் நிலம் என்பதால் அரசுக்கு இரண்டு பிடிகள்தான் உண்டு. ஒன்று, திட்டமிடல். நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் 1976-ன்படி எந்தக் கட்டுமானத்துக்கும் ஊராட்சி மன்றத்தின் திட்ட அனுமதி வேண்டும். உள்ளூர்த் திட்டத்தில் ஒரு நிலம் எந்தப் பயன்பாட்டுக்கு என்று குறித்திருக்கிறதோ, அதை ஒட்டியே அனுமதி. நிலப் பட்டாவில் உள்ள நிபந்தனையை மாற்ற வேண்டுமென்றால் மாநில அரசிடம் விண்ணப்பித்துப் பிரிமியம் கட்ட வேண்டும். இரண்டாவது, நிலக் கையகப்படுத்தல் சட்டம் 1960. பொதுத் தேவைக்கு என்று அரசு நிலத்தை எடுக்கலாம். ஆனால் சந்தை விலையில் இழப்பீடு கொடுக்க வேண்டும். ஒரு மாநில அரசு 200 ஏக்கரைச் சந்தை விலைக்கு வாங்கிப் பூங்கா போடுமா என்று கேட்டால், பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும்.

தண்ணீர் எங்கே போகும்?

பச்சை நிலம் வேண்டும் என்பவர்கள் காற்று, நிழல், நடைப்பயிற்சி என்று பேசுகிறார்கள். டத்தோ கிராமாட் வாசிகளுக்கு அதைவிட அவசரமான காரணம் ஒன்று உண்டு. வெள்ளம்.

கொடிமலையிலிருந்தும் தாவரவியல் பூங்காப் பக்கமிருந்தும் வரும் நீர்வீழ்ச்சி ஆறும், ஆயர் ஈத்தாம் ஆறும் டோபி காட் பக்கம் கூடித்தான் பினாங்கு ஆறாகின்றன. டோபி காட்டில் ஒரு காலத்தில் தமிழ்ச் சலவைத் தொழிலாளர்கள் ஆற்றங்கரையில் நின்று நகரத்தின் துணிகளை வெளுத்தார்கள். இன்று அந்த ஆறு கான்கிரீட் சுவர்களுக்கு நடுவே ஓடுகிறது. கனமழை பெய்து கடலும் ஏற்றத்தில் இருந்தால் ஜாலான் பி. ரம்லியிலும் டத்தோ கிராமாட்டைச் சுற்றிய தாழ்வான கம்பங்களிலும் தண்ணீர் வீட்டுக்குள் வரும். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பெய்த பேய்மழையில் பினாங்கில் ஏழு பேர் இறந்தார்கள். அந்த இரவில் மெத்தையையும் குளிர்சாதனப் பெட்டியையும் தூக்கி மேசைமேல் வைத்தவர்கள் அதை மறக்கவில்லை.

புல்வெளி மழைநீரை உள்வாங்கி மெல்ல விடும். தார்ச்சாலையும் கார் நிறுத்துமிடமும் விழுந்த நீரை அப்படியே வடிகாலுக்குத் தள்ளும். மேட்டில் 200 ஏக்கர் புல் 200 ஏக்கர் சிமெண்டானால், அந்த நீர் வந்து சேரும் இடம் தாழ்வில் இருக்கும் வீடுகள். இதைச் சொல்லப் பொறியியல் பட்டம் தேவையில்லை. கோல்ஃப் திடல் ஒன்றும் இயற்கைக் காடு அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உரமும் களைக்கொல்லியும் நிறைய இடுவார்கள், வறட்சியில் நீர் நிறையக் குடிக்கும். ஆனாலும் அது மண். மண் திறந்திருக்கிறது.

பக்கத்திலேயே ஸ்காட்லாந்து சாலையில் இராமகிருஷ்ண ஆசிரமமும் அதன் பெயர் தாங்கிய தமிழ்ப்பள்ளியும் இருக்கின்றன. பெற்றோர் இல்லாத பிள்ளைகள் பலர் வளர்ந்த இல்லம் அது. இந்த நிலத்தின் மேல் எது எழுந்தாலும் அதன் நெரிசலும் தூசியும் முதலில் போய்ச் சேரும் இடங்களில் அதுவும் ஒன்று.

வீடும் வேண்டாமா?

பூங்கா கேட்பவர்களிடம் எதிர்க்கேள்வி ஒன்று வரும், அது நியாயமான கேள்விதான். நம் பிள்ளைகள் தீவில் வீடு வாங்க முடியாமல் பெருநிலத்துக்குப் போகிறார்கள். 200 ஏக்கரைப் பந்து உருட்டுவதற்கு விடுவதா?

பினாங்கில் திறந்த நிலம் ஏழைகளின் வீடாக மாறிய வரலாறு உண்டு. பாடாங் தெம்பாக், பெயரே சொல்வதுபோல், துப்பாக்கிச் சுடும் திடலாக இருந்தது. 1960களின் இறுதியில் அங்கே ஒன்பது அடுக்குமாடிக் கட்டடங்கள் எழுந்தன. 3,600-க்கும் மேற்பட்ட சிறிய வீடுகள். ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அதுதான் முதல் சொந்த முகவரி. டத்தோ கிராமாட், ஆயர் ஈத்தாம் பக்கத்துத் தமிழர்கள் பலருக்கு அங்கே உறவினர் இருப்பார்கள். நெருக்கடி, மின்தூக்கிப் பழுது என்று குறைகள் ஆயிரம் சொல்லலாம். ஆனாலும் ஏழைக்கு வீடு கிடைத்தது.

2007-ல் காட்டப்பட்ட படத்தில் இருந்தது அந்த மாதிரி வீடு அல்ல. அதுவே வித்தியாசம். தனியார் நிலம் சந்தை விலையில் விற்கப்பட்டால் அதன் மேல் எழும் வீடும் அந்த விலையைத் திருப்பி எடுக்கும் விலையில்தான் இருக்கும். டத்தோ கிராமாட்டில் வாடகைக்கு இருப்பவர் அதை வாங்க முடியாது.

மற்ற ஊர்களில்

சிங்கப்பூரில் நிலம் பெரும்பாலும் அரசுடையது என்பதால் விஷயம் எளிது. கெப்பல் கழகத்தின் குத்தகை 2021 இறுதியில் முடிந்தது, அந்த இடத்தில் வீடமைப்பு வாரிய வீடுகள் உட்பட ஏறத்தாழ 9,000 வீடுகள் வரும் என்று அறிவித்தார்கள். யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டி விளையாடலாம் என்றிருந்த ஒரே 18 குழிப் பொதுத் திடலான மரினா பே கோல்ஃப் திடல் 2024 ஜூன் 30-ல் மூடப்பட்டது. 1999 வரை பந்தயம் நடந்த புக்கித் தீமா பழைய திடலில் 15,000 முதல் 20,000 வீடுகள் கட்டத் திட்டம். கவனிக்க வேண்டியது, பொதுமக்கள் விளையாடிய திடலும் போனது.

சென்னையில் வேறு விதம். கிண்டியில் மெட்ராஸ் ரேஸ் கிளப்பிடம் 160.86 ஏக்கர் அரசு நிலம் இருந்தது. ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் திடலும் அதற்குள்ளேயே. 99 ஆண்டுக் குத்தகை, ஆண்டு வாடகை 614 ரூபாய் சொச்சம். அந்த வாடகையில் இன்று சென்னையில் ஒரு குடும்பம் ஓட்டலில் சாப்பிட முடியாது. 730 கோடி ரூபாய்க்கு மேல் வாடகை பாக்கி என்று சொல்லி 2024 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு குத்தகையை ரத்து செய்து நிலத்தை எடுத்தது. வழக்கு நடந்தது. பெரும்பகுதியைப் பசுமைப் பூங்காவாக்கவும், வேளச்சேரிப் பக்கம் வெள்ளம் குறைய அதே நிலத்தில் குளங்கள் வெட்டவும் அரசு இறங்கியது. அதே ஆண்டு ஜூலையில் ஊட்டிப் பந்தயத் திடலின் 52.34 ஏக்கரும் இப்படியே எடுக்கப்பட்டது. கிண்டியில் வெள்ளத்துக்குக் குளம் என்பது பினாங்குக்கு நேராகப் பொருந்தும் யோசனை. ஆனால் கிண்டி அரசு நிலம், பத்து காந்தோங் அப்படி அல்ல.

நம் நாட்டிலேயே தோட்டத் தமிழர்களுக்கு மிக நெருக்கமான கதை கோலாலம்பூரில் உள்ளது. புக்கிட் கியாரா ஒரு ரப்பர்த் தோட்டம். பொதுத் தேவைக்கு என்று 1970களில் அரசு எடுத்தது. பால்மரம் வெட்டியவர்களைத் தற்காலிகம் என்று சொல்லி 1980களில் நீண்ட வீடுகளுக்கு மாற்றினார்கள். தற்காலிகம் நாற்பது ஆண்டுகளாக நீண்டது. கியாரா குன்றில் அதற்குள் கோல்ஃப் கழகங்கள் வந்துவிட்டன, குதிரையேற்ற மையம் வந்துவிட்டது, தோட்டத்துக்காரர்களின் வீடு மட்டும் வரவில்லை. கடைசியில் தாமான் ரிம்பா கியாரா என்ற பூங்காவில் ஆடம்பர அடுக்ககங்களோடு சேர்த்து இவர்களுக்கும் ஒரு கட்டடம் என்று திட்டம் போட்டபோது, பூங்காவைக் காக்க அக்கம்பக்கத்தார் வழக்குத் தொடுத்தார்கள். 2023 ஏப்ரல் 18-ல் கூட்டரசு நீதிமன்றம் கோலாலம்பூர் மாநகர் மன்றம் கொடுத்த மேம்பாட்டு அனுமதியை ரத்து செய்தது. பூங்கா காக்கப்பட்டது. நீண்ட வீட்டுக்காரர்கள் மறுபடியும் காத்திருந்தார்கள்.

புக்கிட் ஜாலிலும் அப்படித்தான். தோட்டம் போனது, அரங்கமும் கோல்ஃப் திடலும் வீடமைப்பும் வந்தன, எஞ்சிய 26 ஏக்கரில் நான்கு ஏக்கர் கேட்டு முன்னாள் தொழிலாளர்கள் போராட வேண்டியிருந்தது.

இந்த இரண்டு கதைகளையும் பக்கத்தில் வைத்தால் பத்து காந்தோங்கில் கேட்க வேண்டிய கேள்வி பூங்காவா வீடா என்பதாக மட்டும் இல்லை. லாயத்தில் வேலை பார்த்த குடும்பங்களின் நிலை என்ன, கழகக் குடியிருப்பில் இருந்தவர்கள் எங்கே போவார்கள், நிலம் விற்ற பணத்தில் அவர்களுக்குப் பங்கு உண்டா என்பதும் அதே அளவு முக்கியம். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது இவை கடைசியாகக் கேட்கப்பட்டன.

இனி நடக்கப் போவதில் பொதுமக்கள் கையில் உள்ளது எது? உள்ளூர்த் திட்டம் வரையப்படும்போதோ திருத்தப்படும்போதோ அதன் வரைவு மக்கள் பார்வைக்கு வைக்கப்படும். அந்தக் கால அவகாசத்துக்குள் யாரும் எழுத்துப்பூர்வமாக ஆட்சேபம் தெரிவிக்கலாம், விசாரணையில் நேரில் பேசலாம். வழக்கறிஞர் தேவையில்லை, மலாயில் ஒரு கடிதம் போதும். கொம்தாரில் உள்ள பினாங்குத் தீவு மாநகர் மன்றத்தில் வரைவு வரைபடங்களைப் பார்க்கலாம். டத்தோ கிராமாட் கம்பங்களிலிருந்தும் பாடாங் தெம்பாக் அடுக்ககங்களிலிருந்தும் மக்கள் போக வேண்டும். வெள்ளம் வருவது இவர்கள் வீட்டுக்கு.

கோல்ஃப் திடலைப் பொதுத் திடலாக்கி மாநகர் மன்றமே நடத்தலாம் என்பவர்களும் உண்டு. ஒன்பது குழியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நடைபாதையும் குளமும் ஆக்கலாம், பந்தய ஓடுதளத்தையே நடைப்பயிற்சிக்கு விடலாம். செய்யக்கூடியதுதான். பணம் யார் தருவது என்பதில் எல்லாம் நிற்கிறது.